மாசத்துக்கு அரைக்கால்

பொங்கலுக்கு முந்தின வாரம், விடிகாலை மூன்று மணி இருக்கும், அப்பத்தா வளவில், வீட்டின் உள்முற்றத்தில், விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றி அவருக்கு நினைப்பே இல்லை. "ஒங்கய்யா கதவத் தட்டுறாக ஆத்தா, போய்த் தாழ்ப்பாளத் தொற" என்றார். அப்பத்தாவின் கணவர், எங்கள் ஐயா, இறந்து 18 வருஷம் ஆகிறது. அவர் மனம் ஆறட்டும் என்று முகப்பு வரை போய் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து காட்டினேன். வெளியே மார்கழிப் பனி மட்டும்தான். "உள்ள வரச் சொல்லு, குளுருது" என்று திண்ணையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நைட்டி வேர்வையில் நனைந்திருந்தது. விரல்கள் பத்தும் நடுங்கின.

பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் வீடு. மூன்று பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு, பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. இருப்பது அப்பத்தா, அம்மா, நான். விடிந்ததும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வயதுக்கு வந்த மறதி நோய், அல்லது மூளையில் ஏதோ அடைப்பு என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். பணியில் இருந்த டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "தூக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" அம்மா உடனே, "இல்லைங்க, நரம்பு மாத்திரை மட்டும்தான். அதுவும் தீர்ந்து அஞ்சு நாளாச்சு, மெடிக்கல்ல இப்பத் தர மாட்டேங்கறாங்க" என்றார். பையிலிருந்து காலி அட்டையை எடுத்துக் கொடுத்தார். அல்பிரசோலம், பாயிண்ட் ஃபைவ் மில்லிகிராம். டாக்டர் அட்டையைத் திருப்பி, பின்னால் இருந்த சிவப்புக் கட்டத்தை எங்களுக்குக் காட்டினார். "இதுதாம்மா தூக்க மாத்திரை. இத்தனை வருஷம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். வலிப்பு வராமல் இருந்ததே பெரிய விஷயம்" என்றார்.

மணிக்கட்டு எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். மறுபடி மாத்திரை உள்ளே போனதும் இரண்டு நாளில் அப்பத்தா பழைய அப்பத்தா ஆனார். ஆனால் எனக்கு மனசு அடங்கவில்லை. மாத்திரையைத் தராதே என்று மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் கொடுத்த மனு

காரைக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தோமே, அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஒரு பதினோராம் வகுப்புப் பையனின் பையில் ஒரு அட்டை மாத்திரை கிடைத்தது. பத்தில் நாலு இல்லை. அவனும் இன்னும் இரண்டு பேரும் போட்டிருந்தார்கள். பின் பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடந்த பிள்ளையை எழுப்பியபோது அவன் கண் என்னைப் பார்த்தும் பார்க்காமல் போனது இன்னும் எனக்கு மறக்கவில்லை. எங்கே வாங்கினாய் என்று எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்: "எங்க தாத்தாவோடது மிஸ்." நான் நம்பவில்லை. கடைக்காரரைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தேன். கோபத்தில் நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு, சிவகங்கையில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். மருந்துச் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளை விற்கவே கூடாது, கடைகளில் கேமரா வைக்க வேண்டும், பதிவேடுகளைச் சோதிக்க வேண்டும் என்று. எங்கள் மனுவால்தான் என்று சொல்ல மாட்டேன், பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் கேமரா உத்தரவு போட்ட காலம் அது. சோதனைகளும் கூடின. நல்லது நடக்கிறது என்று மனசார நம்பினேன். இப்போதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்றைக்கூடத் தப்பென்று சொல்ல மாட்டேன். பின் பெஞ்சில் கிடந்த அந்தப் பிள்ளை உண்மை.

சட்டமும் ஒன்றும் மெத்தனமாக இல்லை. மருந்து விதிகளில் ஹெச்-1 என்ற அட்டவணையை மத்திய அரசு 2013-இல் அறிவித்து, 2014 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 46 மருந்துகள். பாதிக்கு மேல் வீரியமான ஆன்டிபயாட்டிக்கும் காசநோய் மருந்துகளும். கூடவே அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் போன்ற தூக்கம், பதற்றம் சம்பந்தப்பட்ட மாத்திரைகள். இவற்றை விற்றால் டாக்டர் பெயர் முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும், அந்தப் பதிவேட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இதற்கு மேலே 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. அல்பிரசோலமும் டயசெபாமும் அதற்குள்ளும் வரும். பக்கத்துத் தெலங்கானாவில் கள்ளில் இந்த இரண்டையும் கலந்து விற்று, அது நிறுத்தப்படும்போதெல்லாம் ஊர் ஊராக மக்கள் நடுக்கத்தோடும் வலிப்போடும் ஆஸ்பத்திரியில் வந்து விழுந்தது அந்த மாநிலத்து டாக்டர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்பத்தாவுக்கு வந்ததும் அதே நடுக்கம்தான். அவர் கள்ளுக் குடிக்கவில்லை, டாக்டர் எழுதியதைத்தான் சாப்பிட்டார்.

பதிவேட்டில் பார்த்தது

அப்பத்தா தேறிய நாலாம் நாள் சாயங்காலம் மெடிக்கலுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று, கடைசியில் கேட்டேன். "பதினெட்டு வருஷமாக் குடுத்துட்டு ஒரே நாள்ல இல்லேன்னா எப்படிண்ணே? வயசான உயிரு." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாத குரலில், "சீட்டு இல்லாமத் தரக் கூடாதுன்னு நீங்களும்தான டீச்சர் மனுக் குடுத்தீங்க" என்றார். அப்புறம் கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு நீளமான கட்டு நோட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

ஹெச்-1 பதிவேடு. சிவப்பு மையில் கோடு போட்ட கட்டங்கள், நீல மையில் அவருடைய சாய்ந்த எழுத்து. மாதாமாதம் அப்பத்தாவின் பெயர். பக்கத்தில் டாக்டர் பெயர். ஐயா இறந்தபோது, "பதினஞ்சு நாளைக்குப் போடுங்க ஆச்சி, தூக்கம் வந்துரும்" என்று முதலில் எழுதிக் கொடுத்த அதே டாக்டர். அவர் கொரோனா இரண்டாம் அலையில் தவறிப்போனார். ஊரே போய் மாலை போட்டு வந்தது. ஆனால் பதிவேட்டில் அவர் மாதம் தவறாமல் மருந்து எழுதிக்கொண்டிருந்தார். "அவரோட சீட்டுதான் டீச்சர் ஆச்சி குடுத்து விடறது. பேரு எழுதணும்னு இருக்கு, எழுதுறேன். இந்தத் தடவை டிரக் இன்ஸ்பெக்டர் வந்து, இவரு எங்க இருக்காருன்னு கேட்டுட்டாரு. லைசென்ஸ் போயிரும்னாரு" என்றார்.

அந்தச் சீட்டை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். 2016-ஆம் வருஷத்துச் சீட்டு. கிழிந்துவிடக் கூடாதென்று அப்பாவே காரைக்குடியில் லேமினேட் செய்துகொண்டு வந்து கொடுத்தார். நாங்கள் அதை அப்பத்தா மேல் உள்ள அக்கறை என்று நினைத்தோம். விதி என்ன சொல்கிறதென்றால், டாக்டர் தனியாகக் குறித்திருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் மருந்து தரலாம். தரும்போது, டாக்டர் கையெழுத்துக்கு மேலே, கடையின் பெயரையும் முகவரியையும் தேதியையும் அந்தச் சீட்டிலேயே எழுத வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட காகிதத்தில் எந்தப் பேனா எழுதும்? இத்தனை வருஷமும் அதில் ஒரு எழுத்துக்கூட ஏறவில்லை.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். முப்பது, முப்பது, முப்பது என்றுதான் எண்ணிக்கை. ஒரு பக்கத்தில் திடீரென்று அறுபது. அதற்கப்புறம் எல்லாம் அறுபது. மேலே மாதத்தைப் பார்த்தேன். 2023 ஜூலை. எங்கள் அப்பா இறந்தது ஜூன் மாதக் கடைசியில்.

கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவுக்குக் கருமாதி முடிந்து பங்காளிகள் எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு, அப்பத்தா எதிரே உட்கார்ந்து காபி குடித்த ஒவ்வொரு காலையும் நினைவுக்கு வந்தது. "நல்லாத் தூங்குனேன் ஆத்தா" என்று சொல்லுவார். மகனைப் பறிகொடுத்தவர் எவ்வளவு திடமாக இருக்கிறார் என்று அம்மாவிடம் நானே சொல்லியிருக்கிறேன். ராத்திரி ஒன்றுக்கு இரண்டாக அவர் போட்டுக்கொண்டது ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. அந்த நோட்டுக்குத் தெரிந்திருக்கிறது. "ஆளனுப்பி இன்னும் மூணு அட்டை கேட்டாங்க. மகன் போன வீடு டீச்சர். ஆச்சிகிட்ட எப்படி இல்லைங்கறது?" என்றார் கடைக்காரர். அவர் மேல் எனக்கு அப்போது கோபம் வரவில்லை, இப்போதும் இல்லை. தப்பு தப்புதான். ஆனால் அந்தத் தெருவில் அன்றைக்கு அப்பத்தாவின் துக்கத்தை எண்ணிக்கையாகவாவது குறித்து வைத்தது அவர் ஒருத்தர்தான்.

அந்தப் பதிவேட்டை யார் படிக்கிறார்கள்? கொள்முதல் பில்லும் விற்பனையும் பொருந்துகிறதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் படிக்கிறார். கடையிலிருந்து அட்டை வெளியே கள்ளமாகப் போகிறதா என்பதற்கு அது போதும். அப்பத்தா மாதிரி ஒருத்தர் எத்தனை வருஷமாக அதில் இருக்கிறார், ஏன் திடீரென்று இரட்டிப்பானது, அவரை யாராவது கூப்பிட்டு விசாரித்தார்களா என்று கேட்க அதில் கட்டமும் இல்லை, ஆளும் இல்லை. 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, மருத்துவக் காரணம் இல்லாமல் இந்த வகை மாத்திரைகளை எடுப்பவர்கள் 10 முதல் 75 வயதுக்குள் 1.08 சதவீதம், சுமார் 1.18 கோடிப் பேர் என்றது. அப்பத்தா அந்தக் கணக்கில் வருவாரா? டாக்டர் எழுதியதுதானே என்று விட்டிருப்பார்கள். டாக்டர் இறந்து வருஷக்கணக்கில் ஆன பிறகும் அது டாக்டர் எழுதியதுதானா?

கொட்டானில் இருந்தது

செவ்வாய்ப் பொங்கலுக்குச் சித்தப்பா சென்னையிலிருந்து வந்தார். நடந்ததைக் கேட்டுக் கலங்கிப்போயிருந்தார். பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். பன்னிரண்டு அட்டை. நாலு கடையில் மூன்று மூன்றாக வாங்கினாராம். சீட்டு? "ஆத்தாவுக்குன்னு சொன்னேன், குடுத்தான்." எங்கள் ஊர்க் கடைக்காரர் பயந்து நிறுத்திவிட்டார், பெரிய ஊரில் நாலு கடையில் கேள்வி இல்லாமல் கிடைத்திருக்கிறது. இதில் இன்னொன்று, சொந்த மருத்துவத் தேவைக்கு ஒருவர் ஒரு சமயத்தில் 100 மாத்திரை வரைதான் வைத்திருக்கலாம். நாள்பட்ட நோய்க்கென்று டாக்டர் குறிப்பாக எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் 300 வரை. போதைப்பொருள் தடுப்பு விதிகளிலேயே இது இருக்கிறது. சித்தப்பா கையில் 120. தாய்க்குச் செய்கிறோம் என்ற பாசத்தைத் தவிர அவர் மனசில் வேறொன்றும் இல்லை. நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

அந்தப் பன்னிரண்டு அட்டையையும் பூட்டி வைக்க இடம் தேடியபோதுதான் அப்பத்தாவின் அறை அலமாரியில் மூடி போட்ட பெரிய ஓலைக் கொட்டானைத் திறந்தேன். பலகாரம் வைக்கும் கொட்டான். உள்ளே அப்பாவின் கடைசி மாதங்களில் வலிக்காகக் கொடுத்த டிரமடால் இரண்டு அட்டை. ஐயா காலத்து டயசெபாம், தேதி எப்போதோ முடிந்தது. பெயர் தெரியாத வெள்ளை மாத்திரைகள் ஒரு காகிதப் பொட்டலத்தில். எதையும் தூக்கிப் போட மனசு வராத தலைமுறை. அலமாரிக்குப் பூட்டு இல்லை. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் அந்த அறையில்தான் படுப்பார்கள்.

"எங்க தாத்தாவோடது மிஸ்." கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். நான் கடைகளைப் பார்த்துக் கைகாட்டினேன். அவன் வீட்டு அலமாரியைப் பற்றி அவன் தாத்தாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தாத்தா ராத்திரிகளில் எப்படி இருந்தார் என்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமே அந்த வீட்டுக்குப் போனேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மிச்சமாகும் மருந்தை மக்கள் என்ன செய்வது என்பதற்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல்தான் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. டிரமடால், டயசெபாம் உட்பட 17 மருந்துகளைக் குப்பையில் போடாமல் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடலாம் என்கிறது. தண்ணீரில் கலக்கும் என்ற கவலை எனக்கும் உண்டு, ஆனால் பிள்ளை கையில் கிடைப்பதற்கு அது மேல். அதே வருஷம் கேரளத்தில், கோழிக்கோட்டில், வீடுகளிலிருந்தே பழைய மருந்துகளைச் சேகரிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நம்மூரிலும் அது வர வேண்டும். கடை வாசலில் கேமரா வைக்க முடிந்த அரசுக்கு, கடை ஓரத்தில் ஒரு பூட்டிய பெட்டி வைப்பது பெரிய காரியம் இல்லை.

கொஞ்சம்னா எவ்வளவு?

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்றதும் அப்பத்தா வர மாட்டேன் என்றார். "எனக்குப் பைத்தியமா?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். கடைசியில் மணிக்கட்டைக் காட்டத்தான் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போகச் சொன்னார் சித்தப்பா. எனக்குப் பொய் சொல்ல மனசில்லை. அப்பா இறந்த மாதத்திலிருந்து அறுபது வாங்கியது எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "அவன் போனப்பறம் ஒண்ணுல தூக்கம் வரலத்தா" என்றார். மறுநாள் காலை தானே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

சின்ன வயது டாக்டரம்மா. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் இருந்தும் அவசரப்படவில்லை. இந்த வகை மாத்திரைகளில் முதல் மருந்து 1960-இல் வந்தபோதும், 1963-இல் டயசெபாம் வந்தபோதும், பழைய தூக்க மருந்துகளைவிட ஆபத்து குறைவு என்று உலகமே நம்பியது. அதை விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. அமெரிக்காவில் இந்த மருந்துகளோடு வரும் குறிப்பில் அடிமைத்தனம், நிறுத்தும்போது வரும் ஆபத்து பற்றிய கட்டம் கட்டிய எச்சரிக்கை 2020-இல்தான் சேர்ந்தது. வயதானவர்களுக்கு விழுந்து எலும்பு முறிவது, நினைவு குழம்புவது எல்லாம் இதில் உண்டு. ஆனால் சட்டென்று நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. இரண்டு, நாலு வாரத்துக்கு ஒருமுறை நூற்றுக்கு ஐந்து, பத்து என்ற அளவில் இறங்குவதுதான் இப்போது பொதுவாகச் சொல்லப்படும் முறை. டாக்டரம்மா அப்பத்தாவிடம், "மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம் பாட்டி" என்றார்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"பாயிண்ட் ஒன் டூ ஃபைவ்."

அப்பத்தா என்னைப் பார்த்தார். எட்டில் ஒன்றுக்கு அவர் காலத்துப் பெயரை ஒரு கணம் யோசித்து, "அரைக்கால், அப்பத்தா" என்றேன். முகம் மாறியது. பர்மாவில் வட்டிக்கடை நடத்தித் திரும்பிய தன் அப்பச்சியிடம் கீழ்வாய் இலக்கம், அதாவது பின்னக் கணக்கு, படித்தவர். விரலை மடக்கினார். "ஒண்ணுலேருந்து மாசத்துக்கு அரைக்கால். அப்ப எட்டு மாசம்." டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆமாம் பாட்டி. எட்டுக்கு மேலேயும் ஆகலாம். அவசரமில்லை."

சீட்டில் அவர் எழுதியதை நான் சொல்ல வேண்டும். 'ஏழு நாளைக்கு ஒருமுறை, நாலு முறை தரவும்.' இதற்கு அந்தப் பழைய விதியிலேயே இடம் இருக்கிறது. எத்தனை முறை, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று டாக்டர் குறித்தால் கடைக்காரர் அதன்படி தரலாம், தர வேண்டிய அளவும் அதுதான். மாத்திரை வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் சேராது, ஒருநாளும் தீர்ந்தும் போகாது. புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், கையில் இருக்கிற விதியை நோயாளியின் பக்கம் நின்று பயன்படுத்தினாலே போதும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. கடைக்காரரிடம் கொடுத்தபோது அவர் சீட்டை இரண்டு முறை படித்தார். கையெழுத்துக்கு மேலே கடை முத்திரையைப் பதித்து, தேதி எழுதி, மை காய ஊதினார்.

வேறு ஒன்றும் அரசிடம் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. எங்கள் வீட்டுக்கும் அந்தத் திட்டத்துப் பணியாளர் ஒரு பெண் வருகிறார், அப்பத்தாவுக்கு அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார். நல்ல பெண், வந்தால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார். அவர் கையில் இருக்கும் படிவத்தில் 'தூங்குவதற்கு ஏதாவது போடுகிறீர்களா, எத்தனை வருஷமாக?' என்று ஒரு கேள்வி இருந்திருந்தால், அப்பத்தா வளவில் விழுவதற்கு முன்பே யாருக்காவது தெரிந்திருக்கும். கடையில் திடீரென்று மறுக்கப்படும் ஒவ்வொருவரையும் மனநலப் பிரிவுக்கு அனுப்பி வைக்க ஒரு துண்டுச் சீட்டாவது கடைக்காரரிடம் இருக்க வேண்டும். நடமாட முடியாதவர்களை வீட்டிலேயே வந்து பார்க்க வேண்டும். தொலைமருத்துவ வழிகாட்டுதல் 2020-இலேயே இந்த மாத்திரைகளைப் போன் வழியாக எழுதித் தரக் கூடாது என்று தடுத்திருக்கிறது. சரியான தடைதான். ஆனால் அதனாலேயே, படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு இறங்கும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

முதல் மாதம் பாயிண்ட் டூ ஃபைவ் மாத்திரையைப் பாதியாக்க அப்பத்தா பாக்குவெட்டியை எடுத்தார். பொடியாகிவிட்டது. மெடிக்கல்காரரே மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக் கொடுத்தார். இரண்டாம் மாதம் பரவாயில்லை. மூன்றாம் மாதம், சித்திரை வெயிலில், ராத்திரி முழுக்க வளவில் நடந்தார். நானும் கூட நடந்தேன். ஒருநாள் ராத்திரி தாங்க மாட்டாமல் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்து அவர் பேச, அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் தமிழில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மகனைப் பற்றி அப்பத்தா வாய்விட்டு அழுததை அன்றைக்குத்தான் கேட்டேன். அடுத்த முறை டாக்டரம்மா, "இந்த மாசமும் அடுத்த மாசமும் இதே அளவில் இருப்போம், குறைக்க வேண்டாம்" என்றார். எட்டு மாசக் கணக்கு தள்ளிப்போனதில் அப்பத்தாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்போது அவரே ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். நீள நோட்டு, கணக்குப் பிள்ளைகள் வைத்திருப்பது போல. மூன்று கட்டம்: தேதி, மாத்திரை, தூக்கம். காலையில் காபி குடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறார். நேற்றைய வரி இது: ஆனி 3, அரையே அரைக்கால், மூணேமுக்கால் மணி. ஓரத்தில் பென்சிலில், 'பன்னண்டு மணிக்கு முழிப்பு. எந்திரிச்சுத் தண்ணி குடிச்சேன். கதவை யாரும் தட்டலை.'